2025-ஆம் ஆண்டுக்கான சங்கச் செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயலவை உறுப்பினர்களுக்கும் வந்து அமர்ந்திருக்கும் எல்லாருக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம். போன ஞாயிறு 40 நாற்காலி விரித்து, கூட்டம் நடத்தத் தேவையான ஆள் (கோரம்) சேராமல் 31-ஐ உட்காராமலேயே மடித்து வைத்தோம். இன்று நடப்பது மறுகூட்டம்.

பிப்ரவரி 11 தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலைச் சாலையில் மோர்ப் பந்தல் போட்டோம். கோத்தோங் ரோயோங் (எல்லாரும் சேர்ந்து செய்யும் துப்புரவுப் பணி) இரண்டு முறை நடந்தது. செயலவை ஐந்து முறை கூடியது. தீபாவளி விருந்துக்குக் கூட்டம் குறையவில்லை; விருந்துக்கு மட்டும் அது குறைவதே இல்லை.

அடுத்து, மண்டபத்துக்குப் பின்னால் நிற்கும் வெள்ளைப் பெட்டி. “தேனீ வளர்க்கிறீர்களா செயலாளரே?” என்று கேட்டவர்கள் உண்டு. கேட்காமலே முணுமுணுத்தவர்கள் அதிகம். உள்ளே இருப்பது தேனீ அல்ல, வெப்பமானி. எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 21 வந்தால் நம் வாட்ஸாப் குழுவில் ஒரு செய்தி சுற்றும்: இன்று ஆண்டின் நீளமான பகல், வெயில் கொளுத்தும், வெளியே போகாதீர்கள். இதை நாமே பார்த்து எழுதி வைக்கலாம் என்று 2023-இல் ஆரம்பித்தேன். ஆண்டுக்கு ஒரே நாள், வெப்பமும் பகல் நேரமும் மட்டும்.

நீளமான பகல் என்பது சரிதான். பினாங்கில் அது 12 மணி 26 நிமிடம். டிசம்பர் 21-இல் 11 மணி 48 நிமிடம். வித்தியாசம் 38 நிமிடம், நம் கூட்டம் தொடங்கத் தாமதமாகும் நேரம்கூட இல்லை. லண்டனில் அதே நாளில் பகல் பதினாறரை மணி நேரத்துக்கும் மேல். அங்கே படிக்கும் உறுப்பினர் மகள் இரவு ஒன்பது மணிக்கு விளக்கில்லாமல் எடுத்து அனுப்பிய படத்தை எல்லாரும் பார்த்தீர்கள்.

வெயில் கதை வேறு. சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருவது ஏப்ரல் 3, 4 வாக்கிலும் செப்டம்பர் 8, 9 வாக்கிலும்தான். ஜூன் 21-இல் அது வடக்கே தள்ளி நிற்கும். பிள்ளைகளோடு ஒரு மீட்டர் குழாயை நட்டுப் பார்த்தோம்: உச்சிவேளையில் நிழல் தெற்கே 32 சென்டிமீட்டர். உச்சிவேளை என்றால் நம் கடிகாரத்தில் 12 மணி அல்ல, 1:20. நாட்டிலேயே அதிக வெப்பமான 40.1 டிகிரி, பெர்லிஸ் மாநிலத்தின் சூப்பிங்கில் 1998 ஏப்ரல் 9-இல் பதிவானது. அது எல் நினோ (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடேறும்) ஆண்டு, சூரியன் அந்த ஊர் உச்சியைக் கடந்த அதே வாரம். 2022 ஜூலை 19-இல் இங்கிலாந்தின் கோனிங்ஸ்பியில் 40.3. வெயிலுக்குப் பெயர்போன நம்மைக் குளிருக்குப் பெயர்போனவர்கள் மிஞ்சிவிட்டார்கள்!

இப்போது 2024 விவகாரம். அன்று பெட்டிக்குள் 41.2 காட்டியது உண்மை. “சூப்பிங் சாதனை முறிந்தது” என்று நான் குழுவில் போட்டதும் உண்மை. அரை மணி கழித்துத்தான் முதுகில் சூடு அடிக்கிறதே என்று திரும்பிப் பார்த்தேன். மண்டபத்தின் புது ஏர்கோன் (குளிரூட்டி), வெளியேற்றும் சூடான காற்றை நேராகப் பெட்டி மேல் ஊதிக்கொண்டிருந்தது. அதை எங்கே மாட்டுவது என்று செயலவை என்னிடம் கேட்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். அந்த ஆண்டுப் பதிவை நோட்டில் அடித்துவிட்டேன். சிலர் இன்னும் என்னைச் ‘சூப்பிங் செயலாளர்’ என்கிறார்கள். சரி, சொல்லிவிட்டுப் போகட்டும். பெட்டியை இப்போது புல்தரைக்கு மாற்றி, வெப்பமானியை ஒன்றரை மீட்டர் உயரத்தில் வைத்திருக்கிறோம். 2023-இல் அதிகபட்சம் 33. 2025-இல் விடிகாலை சுமத்ராக் காற்று மழையோடு வந்து போனதால் 32. கொளுத்தியது வாட்ஸாப்பில் மட்டும்.

இன்னொன்றும் கிடைத்தது. உறுப்பினர் ஒருவரின் அப்பா செபராங் பிறையில் தோட்டக் கிராணியாக (எழுத்தராக) இருந்தவர். அவருடைய டைரியில் 21.6.1979, வியாழன், பெரட்டு (தோட்டத்தில் காலை ஆள் கணக்கெடுப்பு) முடிந்து ஆறரைக்கு மேல் சூரியன் தெரிந்ததாக எழுதியிருக்கிறார். நாம் ஜெலுத்தோங் கடலோரத்தில் நின்று பார்த்தது 7:07. சூரியன் சோம்பேறியாகிவிட்டதா என்று கேட்டார்கள். 1982 ஜனவரி 1 முதல் சபா, சரவாக்கோடு ஒத்துப்போக நம் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதுதான் காரணம். அஸ்தமனம் 7:33 என்பது கணக்குப் போட்டது. சூரியன் அதற்கு முன்பே மலைக்குப் பின்னால் போய்விடுகிறது. அதையும் நோட்டில் குறித்திருக்கிறேன்.

வரவு செலவு கிட்டத்தட்டச் சமம். விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. பெட்டிக்குச் சங்கப் பணம் 186 வெள்ளி (ரிங்கிட்); மீதியை யார் போட்டார்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. சந்தா ஆண்டுக்கு 24 வெள்ளி. 84 பேரில் கட்டியவர்கள் 37. இரண்டு வெள்ளிக்கு ஒரு மாதம் முழுக்க உறுப்பினராக இருக்கலாம், இன்று அந்தக் காசுக்கு ஒரு தே தாரேக் (ஆற்றிய பால் தேநீர்) கிடைக்குமா என்பது சந்தேகம். கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். நிலுவைப் பட்டியல் கதவருகே ஒட்டியிருக்கிறது. படித்துவிட்டு யாரும் கோபிக்க வேண்டாம்.

பழைய ஜன்னல் பலகையில் பெட்டி செய்து கொடுத்த தச்சர் அண்ணனுக்கும், மோர் கலக்கிய மகளிர் பிரிவுக்கும், இடம் தந்த கோயில் நிர்வாகத்துக்கும் நன்றி.

2026 ஜூன் 21 ஞாயிற்றுக்கிழமை. அன்று நான் ஜொகூரில் மகள் வீட்டில் இருப்பேன். காலை ஏழு மணிக்குக் கடலோரத்தில் நிற்க ஒருவர், பிற்பகலில் பெட்டியைத் திறந்து பார்க்க ஒருவர் இருந்தால் போதும். பெட்டிச் சாவி மண்டபக் காவலரிடம். பென்சிலை நோட்டோடு நூலில் கட்டியிருக்கிறேன். ஏர்கோனை மட்டும் அணைத்துவிடுங்கள்.

செயலாளர்