செயலாளரின் ஆண்டறிக்கை: உப்பும் சந்தாவும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களே, வராத உறுப்பினர்களே (உங்களுக்கும் இந்த அறிக்கை அஞ்சலில் வரும், அந்தச் செலவும் சங்கத்தின் கணக்கில்தான்),

சென்ற பொதுக்குழுவில் என்னைச் செயலாளராக ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தீர்கள். வேறு யாரும் கை தூக்காததும் அந்த ஏகமனதுக்கு ஒரு காரணம். ஆனாலும் பொறுப்பு பொறுப்புதான். ஆண்டு நடவடிக்கைகளைக் கீழே தருகிறேன்.

செயற்குழு ஆறு முறை கூட்டப்பட்டது. இரண்டு முறை குறைந்தபட்ச வருகை (கோரம்) இல்லாமல் கலைந்தது. ரத்த அழுத்தப் பரிசோதனை முகாம் ஒருமுறை நடந்தது. நடைப்பயிற்சி நாள் மழையால் தள்ளிப்போய், பிறகு மறந்தும் போனது. நூலக அலமாரிக்குப் பூட்டு வாங்கப்பட்டது. சாவி என்னிடம் இருக்கிறது. மறைந்த இரு உறுப்பினர்களுக்கு எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினோம்.

இனி வாசிப்பு வட்டம். உணவுக் கொள்கையால் இதய நோயைத் தடுப்பது பற்றிய ஆய்வுகளை மாதம் ஒன்றாகப் படிப்பது என்று ஆண்டின் தொடக்கத்தில் நான் முன்மொழிந்தேன். மூத்த உறுப்பினர் ஒருவர் எழுத்து மூலமாகவே ஆட்சேபித்தார்: "வாயைக் கட்டுங்கள் என்று ஒரு துண்டறிக்கை அடித்தால் போதாதா? இதற்கு வருடம் முழுக்கக் கூட்டமா?" அந்தக் கடிதம் மினிட் புத்தகத்தில் ஒட்டப்பட்டுள்ளது. அதற்கு என் பதில்தான் இந்த அறிக்கையின் பெரும்பகுதி.

பின்லாந்தின் கிழக்கு எல்லையில் வட கரேலியா என்றொரு மாகாணம். 1960களில் அங்கே நடுவயது ஆண்கள் மாரடைப்பால் இறந்த வேகம் உலகிலேயே மிக அதிகமானவற்றுள் ஒன்று. 1971இல் மாகாணப் பிரதிநிதிகள் கூடி அரசுக்கு மனு எழுதினார்கள். 1972இல் இதய நோயைக் குறைக்கும் திட்டம் தொடங்கியது. அதன் தலைவர் பெக்கா புஸ்காவுக்கு அப்போது வயது 27. (நம் செயற்குழுவின் சராசரி வயதை இங்கே ஒப்பிடப் போவதில்லை.) அவர்களும் முதலில் துண்டறிக்கைதான் கொடுத்தார்கள். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. இல்லத்தரசிகள் சங்கத்தைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகக் கொழுப்புக் குறைந்த சமையலைச் செய்து காட்டினார்கள். இறைச்சிப் பண்டம் செய்பவர்களிடம் கொழுப்பையும் உப்பையும் குறைக்கச் சொல்லிப் பேசினார்கள். பால் பண்ணையாளர்கள் கோபப்பட்டார்கள். பிழைப்பே வெண்ணெய் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? காலப்போக்கில் நாடே கடுகினத் தாவர எண்ணெய் பக்கம் திரும்பியது. பண்ணைக்காரர் சிலர் பெர்ரிப் பழம் பயிரிடப் போனார்கள். நாற்பது ஆண்டுகளில் அந்த மாகாணத்தில் உழைக்கும் வயது ஆண்களின் மாரடைப்பு மரணம் 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது.

இதில் புகைபிடித்தல் குறைந்ததற்கும் ரத்த அழுத்தச் சிகிச்சைக்கும் பங்கு உண்டு. எல்லாம் உணவால் என்று சொன்னால் அது பொய். ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த பக்கத்து மாகாணத்திலும் மரணம் குறைந்துவிட்டது என்று நம் கணக்கு ஆசிரியர் உறுப்பினர் சுட்டிக்காட்டினார். சரியான கேள்விதான். நல்ல பழக்கம் மாகாண எல்லையில் நின்று அனுமதி கேட்பதில்லை என்று நான் பதில் சொன்னேன். அவருக்குத் திருப்தி இல்லை. அதுவும் பதிவாகியிருக்கிறது.

மூன்றாம் கூட்டத்தில் பிரிட்டிஷ் நோய்ப்பரவல் ஆய்வாளர் ஜெஃப்ரி ரோஸ் 1985இல் எழுதிய கட்டுரை. ஆண்டு முழுவதிலும் எனக்கு மிகவும் பயன்பட்டது இதுதான். அவர் சொல்வது இது: அபாயம் மிகுந்தவர்கள் சிலர்தான். சுமாரான அபாயத்தில் இருப்பவர்கள் ஏராளம். அதனால் நோயாளிகளில் பெரும்பகுதி அந்தச் சுமார் கூட்டத்திலிருந்துதான் வருகிறார்கள். அபாயக்காரர்களை மட்டும் தேடிப்பிடித்து மருந்து கொடுத்தால் ஊற்று அடைபடாது. மொத்தக் கூட்டத்தின் சராசரி உப்பும் கொழுப்பும் கொஞ்சம் இறங்கினால் பல உயிர் மிஞ்சும். ஆனால் யார் உயிர் மிஞ்சியது என்று கை காட்ட முடியாது. நன்றி சொல்லவும் ஆள் இருக்காது. செயலாளர் பதவியில் இருப்பவனுக்கு இது உடனே புரிந்தது.

இதற்குச் சான்றாக மொரீஷியஸ் ஆய்வைப் படித்தோம். அங்கே அரசு மலிவு விலையில் தந்த சமையல் எண்ணெயில் பாமாயிலே பெரும்பகுதி. 1987இல் அதைச் சோயா எண்ணெயாக மாற்றினார்கள். 1992இல் அளந்தபோது மக்களின் சராசரி கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7க்கு இறங்கியிருந்தது. உபதேசமும் நடந்தது. ஆனால் அந்த இறக்கத்தில் கணிசமான பங்கு டப்பாவில் மாறிய எண்ணெய்க்குத்தான்.

டிரான்ஸ் கொழுப்புக்கு இரண்டு கூட்டம் ஒதுக்கினேன். தாவர எண்ணெயில் ஹைட்ரஜனைப் பாதியளவு ஏற்றிக் கெட்டியாக்கும்போது உண்டாகும் கொழுப்பு அது. சீக்கிரம் கெடாது, பிஸ்கட் மொறுமொறுவென்று இருக்கும். அதனால் தொழிற்சாலைகளுக்குச் செல்லப்பிள்ளை. உடம்புக்குள் போனால் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும், நல்லதை இறக்கும். இரண்டு பக்கமும் அடி. டென்மார்க் 2003இல் சட்டம் போட்டது: 100 கிராம் கொழுப்பில் தொழிற்சாலை வழி டிரான்ஸ் கொழுப்பு 2 கிராமுக்கு மேல் கூடாது. உலகில் முதல் நாடு அதுதான். பிஸ்கட் நின்றுபோகவில்லை, வேறு எண்ணெயில் வந்தது. 2018இல் உலக சுகாதார நிறுவனம் எல்லா நாடுகளையும் 2023க்குள் இதை ஒழிக்கச் சொன்னது. அந்தக் கெடு முழுதாக நிறைவேறவில்லை. ஆனாலும் 2024 தொடக்கத்தில் டென்மார்க், லிதுவேனியா, போலந்து, சவுதி அரேபியா, தாய்லாந்து ஆகிய 5 நாடுகள் ஒழிப்புச் சான்று பெற்றன.

எல்லாமே வெற்றிக் கதை என்று நான் மூடி மறைக்கிறேன் என்ற குற்றச்சாட்டும் வந்தது. அதே டென்மார்க் 2011 அக்டோபரில் நிறைவுற்ற கொழுப்புக்கு (வெண்ணெயிலும் இறைச்சியிலும் மிகுதியாக இருப்பது) வரி போட்டது. ஜனங்கள் எல்லை தாண்டிப் போய் வாங்கினார்கள், வியாபாரிகள் கணக்கெழுத முடியவில்லை என்றார்கள். 2013 பிறந்ததும் வரி போனது. இதை நானேதான் கூட்டத்தில் வாசித்தேன். குற்றம் சாட்டியவர் அன்று வரவில்லை.

இப்போது உப்பு. இதைப் பற்றித்தான் வாசல் வரை பேச்சு வந்ததால் விவரமாகச் சொல்கிறேன்.

பிரிட்டனில் 2000களின் தொடக்கத்தில் ஒருவர் நாளுக்குச் சராசரியாக 9.5 கிராம் உப்பு உண்டார். அங்கே உப்பின் பெரும்பகுதி வீட்டு உப்பு டப்பாவிலிருந்து வருவதில்லை, ரொட்டியிலும் பொட்டலப் பண்டத்திலும் ஒளிந்து வருகிறது. அரசின் உணவுத் தர முகமை ஒவ்வொரு வகைப் பண்டத்துக்கும் அளவு குறித்துக் கொடுத்தது. நிறுவனங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தன. நாக்குக்கு அது தெரியவே இல்லை. 2011இல் சராசரி 8.1 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 5 கிராமுக்கு அது இன்னும் தூரம்தான். ஆனால் ஒருவரையும் கெஞ்சாமல் இவ்வளவு நடந்தது.

இதைப் படித்த மறுவாரம், கூட்டச் சிற்றுண்டி செய்து தருபவரிடம் மாதாமாதம் உப்பைச் சிட்டிகை சிட்டிகையாகக் குறைக்கச் சொன்னேன். பொருளாளருக்கு மட்டும் தெரியும். ஏழு மாதம் ஓடியது. பன்னிரண்டு பேர் நாக்கை வைத்து ஆராய்ச்சி என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். ஆனால் அந்த ஏழு மாதத்தில் ஒரு புகார்கூட வரவில்லை. ஓர் உறுப்பினர் ஆறாவது மாதம் "இன்றைக்குத்தான் பதமாக இருக்கிறது" என்று பாராட்டினார். எட்டாம் மாதம் விஷயத்தைப் போட்டு உடைத்தேன். உடனே நால்வர் "அப்போதே நினைத்தேன்" என்றார்கள். ஒன்பதாம் மாதம் மேசையில் யாரோ ஓர் உப்புக் கிண்ணம் வைத்திருந்தார்கள். வைத்தவர் கிண்ணத்தை எடுத்துக்கொள்ளலாம், நூலக அலமாரியில் பத்திரமாக இருக்கிறது.

சொல்லாமல் செய்தது முறையா என்று துணைத்தலைவர் கேட்டார். நியாயம். அடுத்த ஆண்டு தீர்மானம் போட்டுவிட்டுத்தான் குறைப்பேன். பிரிட்டனிலும் அளவுகள் ரகசியமாக இருக்கவில்லை, எல்லோரும் பார்க்க வெளியிட்டார்கள். யாரும் எடுத்துப் படிக்கவில்லை என்பது வேறு விஷயம். நம் சங்கத்துச் சுற்றறிக்கைகளுக்கும் அதே கதிதான்.

வருகை விவரம்: வாசிப்பு வட்டத்தின் ஒன்பது கூட்டங்களில் முதல் கூட்டத்துக்கு முப்பத்தோரு பேர், கடைசிக் கூட்டத்துக்கு பதினோரு பேர். சிற்றுண்டி நேரத்துக்குச் சரியாக வந்து போனவர்களைத் தனியாகக் கணக்கெடுத்தேன். எண்ணிக்கையை வெளியிட வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டார்.

வரவு செலவைப் பொருளாளர் விரிவாகப் படிப்பார். சுருக்கமாகச் சொன்னால் வரவு எதிர்பார்த்ததை விடக் குறைவு, செலவு ஏறக்குறைய எதிர்பார்த்தபடி, இடைவெளியைச் சென்ற ஆண்டின் கையிருப்பு தாங்கியது. தணிக்கையாளர் இரண்டு ரசீதுகளைக் கேட்டிருக்கிறார். தேடிக்கொண்டிருக்கிறோம்.

உறுப்பினர்களில் பாதிக்கு மேல் சந்தா நிலுவை. மூன்று நினைவூட்டல் அனுப்பினேன்: முதலாவது மரியாதையாக, இரண்டாவது உரிமையோடு, மூன்றாவதை எப்படி எழுதினேன் என்பதை மறந்துவிட விரும்புகிறேன். மூன்றுக்கும் சேர்த்து நான்கு பேர் கட்டினார்கள், அதில் ஒருவர் செயற்குழு உறுப்பினர். பிறகுதான் உறைத்தது: ஓராண்டாகக் கூட்டத்தில் வாசித்ததற்கு நேர்மாறாகச் சந்தா விஷயத்தில் நடந்துகொண்டிருக்கிறேன். ஆள் ஆளாகப் பிடித்து உபதேசம். ஏற்பாட்டில் ஒரு மாற்றமும் இல்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: தலைவர், பொருளாளர், இடம் கொடுத்த கட்டட உரிமையாளர், நாற்காலி போட்டவர்கள், சிற்றுண்டி செய்து தந்து வாயைத் திறக்காமல் இருந்தவர்.

அடுத்த ஆண்டு வாசிப்பு வட்டத்தைத் தொடர நினைக்கிறேன். பொட்டலத்தின் முகத்திலேயே கறுப்பு எண்கோணத்தில் எச்சரிக்கை அச்சிட 2016இல் சிலி நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டமும், சீனாவின் 600 கிராமங்களில் பாதியில் சாதாரண உப்புக்குப் பதில் பொட்டாசியம் கலந்த உப்பைக் கொடுத்துப் பக்கவாதம் குறைந்ததைக் காட்டிய 2021 ஆய்வும் பட்டியலில் உள்ளன. வேறு யாராவது செயலாளராக வர விரும்பினால் சாவியையும் உப்புக் கிண்ணத்தையும் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். யாரும் வராவிட்டால் ஒரு திருத்தத்தை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்: இனி வருகைப் பதிவேடும் ரசீதுப் புத்தகமும் வாசலில் ஒரே மேசையில், ஒரே பேனாவோடு இருக்கும். இன்றைக்கே அப்படித்தான் வைத்திருக்கிறோம். வரும்போது கவனிக்காதவர்கள் போகும்போது கவனிக்கலாம், வழி ஒன்றுதான்.

இப்படிக்கு,
செயலாளர்