எங்கள் பிள்ளைகளை ஆற்றில் இறக்கியவர்களுக்கு நன்றி

எண்ணூர் ஆற்றங்கரையில் வாழும் இருளர் ஆயாக்களுக்கும் தாத்தாக்களுக்கும் வணக்கம்.

இந்தக் கோடை விடுமுறையில் எங்கள் டியூஷன் பிள்ளைகள் 14 பேரை 4 ஞாயிற்றுக்கிழமைகள் உங்களிடம் கூட்டி வந்தோம். கையால் தடவி இறால் பிடிப்பதைக் காட்டுங்கள் என்று மட்டும்தான் கேட்டோம். நீங்களோ முதலில் எல்லோரையும் செருப்பைக் கழற்றச் சொல்லி, உங்கள் தெய்வமான கன்னியம்மாவைக் கும்பிட வைத்தீர்கள். "அவ இருக்கிற தண்ணி. கேட்டுட்டுதான் எறங்கணும்" என்றார் மூத்த ஆயா. கொசஸ்தலை ஆற்றைப் பாலத்தின் மேலிருந்து மூக்கைப் பொத்திக்கொண்டே பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். அன்றுதான் அதைக் கும்பிட்டார்கள்.

அப்புறம் இடுப்பளவு தண்ணீரில், பிடித்த இறாலைப் போடும் கூடையான பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக் காட்டினீர்கள். இறால் பின்பக்கமாகத்தான் துள்ளும், அதனால் ஒரு கை அதன் வாலுக்குப் பின்னால் காத்திருக்க வேண்டும் என்றீர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் எப்படி ஏறி இறங்கும், எட்டாம் நாள் ஏன் மந்தமாகக் கிடக்கும் என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னீர்கள். பாடப்புத்தகத்தில் படித்தபோது எங்கள் பிள்ளைகளுக்குப் புரியாத விஷயம் இது.

ஒரு தாத்தா அடிமண்ணை அள்ளி விரலிடுக்கில் தேய்த்து, "இது சேறு இல்ல, சாம்பல்" என்றார். அனல்மின் நிலையச் சாம்பல் அது. வெளியிலிருந்து வந்த காக்கா ஆழி என்ற சிப்பி படர்ந்து இறால் ஒதுங்கும் சேற்றை மூடிவிட்டதையும், அதன் ஓடு காலைக் கிழிப்பதையும் காட்டினீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் அலையாத்தி மரங்களில் எவ்வளவு உயரம் ஏறியது என்று கையை வைத்துக் காட்டியபோது பிள்ளைகள் பேசவே இல்லை. எனக்கும் தொண்டை அடைத்தது. அத்தனைக்குப் பிறகும் குட்டி இறாலைத் திரும்பத் தண்ணீரில் விடுகிறீர்களே!

அந்த 4 நாள் கூலியை எங்களுக்காக விட்டீர்கள். கிடைத்த கொஞ்சம் இறாலையும் பிள்ளைகளுக்கே வறுத்துக் கொடுத்தீர்கள். அதை நாங்கள் மறக்க மாட்டோம். டீசலுக்குக்கூடக் காசு வாங்காமல் படகு ஓட்டிய காட்டுக்குப்பம் அண்ணனுக்கும் நன்றி.

மாசி மகத்துக்குக் கன்னியம்மாவைக் கும்பிட நீங்கள் மாமல்லபுரம் போகும்போது தங்களையும் கூட்டிப் போகச் சொல்லிப் பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள். பேரப்பிள்ளைகளின் சாதிச் சான்றிதழுக்கு மனு எழுத ஆள் இல்லை என்றீர்களே, வரும் சனிக்கிழமை காலை பேனாவோடு வருகிறேன். பழைய காகிதம் எது இருந்தாலும் எடுத்து வையுங்கள் ஆயா.