நான் திரும்பிவருமளவும்

அன்பு மகன் ஜெபாவுக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் அப்பாவும் நானும் இங்கே சுகம். நீயும் ஷீபாவும் குட்டியும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். அப்பாவுக்கு வலது கண்ணில் புரை முற்றிவிட்டது, கோயில் அசன விருந்து முடிந்ததும் ஆபரேஷன். அசனத்துக்கு இந்த வருஷமும் உன் பெயரில் ஒரு மூட்டை அரிசி எழுதியாயிற்று. வேறு விசேஷம் இல்லை.

போனில் பேசினால் நீ "ம்", "சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். ஷீபா என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அவளிடம் போய்க் கேட்டுக்கொண்டு நிற்காதே.

நீ அனுப்பும் செய்திகளையெல்லாம் கேட்டேன். அந்தப் பிரசங்கியார் தானியேலின் எழுபது வாரத்தையும் வெளிப்படுத்தலின் 1260 நாளையும் கூட்டிக் கழித்து, ஆண்டவர் திரும்பி வருகிற வருஷம் என்று ஒரு வருஷத்தைச் சொல்கிறார். அவர் கணக்கில் எங்கே தப்பு என்று நான் தேடவில்லை. "அந்த நாளையும் அந்த நாழிகையையும்" பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான் என்று மத்தேயு 24:36 சொன்ன பிறகு அந்தக் கணக்கைச் சரிபார்க்க நான் யார்? சண்டே ஸ்கூலில் அந்த அதிகாரத்தை ஒரு வசனம் விடாமல் ஒப்புவித்துப் பரிசு வாங்கினவன் நீ. உபதேசியார் ஐயா இன்றைக்கும் அதைச் சொல்லிப் பெருமைப்படுகிறார்.

இப்படிக் கணக்குப் போட்டவர்கள் நிறையப் பேர். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் தானியேல் 8:14இன் 2300 நாட்களை வருஷங்களாக எண்ணினார். அவரைப் பின்பற்றினவர்கள் 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்தார்கள். சிலர் விளைந்து நின்ற பயிரை வயலிலேயே விட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். மறுநாள் வழக்கம்போல விடிந்தது. நமக்குப் பக்கத்தில் திருவிதாங்கூரில், தமிழ்ப் பிராமணக் குடும்பத்திலிருந்து வந்து குருப்பட்டம் பெற்ற யுஸ்துஸ் யோசேப்பு 1881 என்று சொன்னார். ரேடியோவில் பேசிய ஹெரால்ட் கேம்பிங் 2011 மே 21 என்றார், அது போனதும் அக்டோபர் என்றார், அதுவும் போனதும் அடுத்த வருஷம் தான் செய்தது தவறு என்று ஒப்புக்கொண்டார். அந்த மட்டில் அவர் பரவாயில்லை.

தென் கொரியாவில் நடந்ததைத்தான் நீ இரண்டு தரம் வாசிக்க வேண்டும். லீ ஜாங் ரிம் என்பவர் 1992 அக்டோபர் 28 என்று நாள் சொன்னார். ஜனங்கள் வேலையை விட்டார்கள், வீட்டை விற்றார்கள், பணத்தைக் கொண்டுபோய்ச் சபையில் கொடுத்தார்கள். நாள் வருவதற்கு முந்தின மாதமே போலீஸ் அவரைப் பிடித்தது. விசாரித்தால், அவர் வாங்கிவைத்திருந்த கடன் பத்திரங்கள் 1993இல் முதிர்வாகிறவை! அக்டோபரில் உலகத்தை விட்டுப் போகிறவருக்கு அடுத்த வருஷத்துப் பணம் எதற்கு? நாள் குறிக்கிறவர் யாராயிருந்தாலும், அவர் தன் பணத்தை எதில், எத்தனை வருஷத்துக்குப் போட்டிருக்கிறார் என்று முதலில் பார்.

எரேமியா தீர்க்கதரிசி செய்தது இதற்கு நேர் எதிர். 32ஆம் அதிகாரத்தை எடு. பாபிலோன் படை எருசலேமைச் சுற்றி நிற்கிறது, எரேமியா காவற்சாலை முற்றத்தில் அடைபட்டிருக்கிறான். நகரம் விழும் என்று சொன்னவனும் அவன்தான். அந்த நேரத்தில் பெரியப்பா மகன் அனாமெயேல் வந்து ஆனதோத்திலுள்ள நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். எரேமியா வாங்குகிறான். பதினேழு சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறான், பத்திரம் எழுதுகிறான், சாட்சி வைக்கிறான், முத்திரை போடுகிறான். முத்திரை போட்டது ஒன்று, திறந்தது ஒன்று, ஆக இரண்டு. நம் பாஷையில் ஒரிஜினலும் ஜெராக்ஸும். அநேக நாள் இருக்கும்படி இரண்டையும் மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லி, தனக்கு எழுத்து வேலை செய்கிற பாருக்கிடம் கொடுக்கிறான். இத்தனையும் செய்து முடித்த பிறகுதான் ஆண்டவரிடம் போய், நகரம் பாபிலோனியராகிய கல்தேயர் கையில் போகப்போகிறதே, என்னை ஏன் நிலம் வாங்கச் சொன்னீர் என்று கேட்கிறான். புரியவில்லை, ஆனாலும் பத்திரத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. விசுவாசம் என்று நான் இதைத்தான் சொல்வேன்.

சாயர்புரம் மனையைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. அது உன் பெயரில் இருக்கிறது, உன் இஷ்டம். மூலப்பத்திரம் அப்பாவின் பீரோவில்தான் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

வேலை விஷயம். ராஜினாமா கடிதம் எழுதுவதற்கு முன் இதைப் பார்த்துக்கொள். கம்பெனி கொடுத்த குரூப் இன்சூரன்ஸ் நீ வெளியே வருகிற நாளோடு பெரும்பாலும் நின்றுவிடும். தனியாகப் புதுப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே இருக்கிற சர்க்கரை நோய்க்கு மூன்று வருஷம் வரைக்கும் காத்திருக்கச் சொல்வார்கள். பி.எஃப்.போடு சேர்ந்த பென்ஷனுக்குப் பத்து வருஷ சர்வீஸ் வேண்டும். உனக்கு ஒன்பது முடிந்து பத்து நடக்கிறது. இப்போது எல்லாவற்றையும் எடுத்தால் அந்தப் பென்ஷன் உரிமையும் போகும். தெசலோனிக்கேயா சபையிலும் கர்த்தருடைய நாள் வந்துவிட்டது என்று கலங்கினவர்கள் இருந்தார்கள், வேலை செய்யாமல் திரிந்தவர்களும் இருந்தார்கள். வேலைசெய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று பவுல் அவர்களுக்குத்தான் எழுதினார். தன் வீட்டாரை விசாரியாதவன் "அவிசுவாசியிலும் கெட்டவன்" என்று தீமோத்தேயுவுக்கு எழுதியிருப்பதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சொல்லிவிட்டேன். கோபப்படாதே.

இருபத்தொரு நாள் உபவாசம் என்று கேள்விப்பட்டேன். யார் சொன்னார்கள் என்று கேட்காதே. தானியேல் மூன்று வாரம் பட்டினி கிடக்கவில்லை, ருசிகரமான அப்பத்தையும் இறைச்சியையும் திராட்சரசத்தையும்தான் விட்டான். பத்தாம் அதிகாரம், மூன்றாம் வசனம். நீ சாப்பிடும் கிளிமெபிரைடு மாத்திரை, வயிற்றில் சோறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் சர்க்கரையை இறக்கும். வெறும் வயிற்றோடு அதைப் போட்டால் வியர்க்கும், கை நடுங்கும், படபடக்கும், அதற்குமேல் போனால் பேச்சு குழறி நினைவு தப்பும். பயந்து மாத்திரையை நீயாக நிறுத்தினால் சர்க்கரை மறுபக்கம் ஏறும். அதனால் டாக்டரிடம் கேட்டு அளவை மாற்றாமல் ஒரு வேளைகூட உபவாசம் வேண்டாம். ரீடிங் 70க்குக் கீழே வந்தால் ஜெபத்தை அதோடு நிறுத்து. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடி, பதினைந்து நிமிஷம் கழித்துத் திரும்பப் பார், ஏறாவிட்டால் இன்னொரு தரம் குடி, ஏறினதும் இரண்டு இட்லியாவது சாப்பிடு. தண்ணீர்கூடக் குடிக்காத உபவாசம் உனக்கு எந்த நாளும் கிடையாது. விடிய விடிய முழித்து வீடியோ பார்க்கவும் வேண்டாம். ஆண்டவர் சொன்ன உவமையில் மணவாளனுக்குக் காத்திருந்த பத்துக் கன்னிகைகளில் பத்துப் பேரும் தூங்கினார்கள். தூங்கினதற்காக யாரையும் வெளியே நிறுத்தவில்லை. ஐந்து பேர் தீவட்டியோடு பாத்திரத்தில் தனியாக எண்ணெய் எடுத்துக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆயத்தம் என்றால் என்ன என்று 2023 டிசம்பர் 17, 18இல் நம் தூத்துக்குடி ஜில்லாவே பார்த்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான ஜனங்களோடு வெள்ளத்துக்கு நடுவில் நின்றது, பக்கத்து ஊர்க்காரர்கள்தான் சமைத்துக் கொடுத்தார்கள். வெள்ளத்தில் முதலில் போவது கரண்ட். அதோடு போர் மோட்டார் நிற்கும், டவர் நிற்கும். சுற்றிலும் தண்ணீர் நிற்கும், குடிக்க இருக்காது. பீரோவின் கீழ்த்தட்டில் இருக்கிற சர்ட்டிபிகேட், பத்திரம், ரேஷன் கார்டு எல்லாம் ஊறிப்போகும். நீ இருக்கிற இடத்திலும் மழை தேங்காமல் இல்லை, அதனால் உன் வீட்டிலும் செய்து வை. ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் குடிதண்ணீர், மூன்று நாளுக்கு. உன் மாத்திரை ஒரு மாதத்துக்கு முன்கூட்டியே. பேப்பர்கள் ஜிப் கவரில் போட்டு மூடியுள்ள டப்பாவில், பரண்மேல். கையில் கொஞ்சம் ரொக்கம், ஏனென்றால் ஜிபேயும் ஏ.டி.எம்.மும் டவரோடு போய்விடும். பிள்ளைக்கு வயிற்றால் போனால், காய்ச்சி ஆறின ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடிவிடக் கூடாது, அது பிள்ளைக்குக் கெடுதல்.

காணிக்கை கொடுக்க வேண்டாம் என்று எந்தத் தாயாவது சொல்வாளா? கொடு. வரவுக்குத் தக்கபடி வாரத்தின் முதல் நாளில் சேர்த்துவைக்கச் சொன்னவர் பவுல். அதே பவுல், எருசலேமுக்குத் தர்மப்பணம் கொண்டுபோகும்போது ஒருவனும் குற்றம் சொல்லாதபடிக்கு சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களைக் கூடவே அனுப்பினார், இரண்டாம் கொரிந்தியர் எட்டாம் அதிகாரம். ரசீது உண்டா, டிரஸ்ட் பதிவு உண்டா, வருஷக் கணக்கை ஆடிட்டர் பார்க்கிறாரா என்று கேள். கேட்டதற்கு முகம் சுளித்தால் அங்கே போடாதே. சேர்த்துவைத்ததை மொத்தமாக எங்கேயும் போடாதே. ஆறு மாதச் செலவுக்கு உண்டானதை ஷீபாவும் எடுக்கக்கூடிய அக்கவுண்டில் தனியாக வை, அதைத் தொடாதே.

லூக்கா 19இல் தூரதேசத்துக்குப் போகிற பிரபு ஊழியக்காரருக்குப் பத்துராத்தல் திரவியம் கொடுத்துவிட்டுச் சொன்னது "நான் திரும்பிவருமளவும் இதைக்கொண்டு வியாபாரம்பண்ணுங்கள்" என்று. கடையைச் சாத்திவிட்டு வாசலில் வந்து உட்காருங்கள் என்று சொல்லவில்லை.

காலை, ராத்திரி இரண்டு சர்க்கரை ரீடிங்கையும் எழுதி வாட்ஸ்அப்பில் போடு. பதில் எழுதப் பிடிக்காவிட்டால் நம்பரை மட்டும் போடு, போதும்.

இன்னொன்று. உன் பி.எஃப். நாமினேஷனில் இன்னும் என் பெயர்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் போட்டது கல்யாணத்தோடு செல்லாமல் போகும். யு.ஏ.என். போர்ட்டலில் இ-நாமினேஷன் என்று இருக்கும். அதில் ஷீபா பெயரையும் குட்டி பெயரையும் ஏற்றி, ஆதார் ஓ.டி.பி. போட்டுக் கையெழுத்தை முடி. கையெழுத்துப் போடாமல் சேவ் மட்டும் பண்ணினால் ஏறாது. ஷீபாவின் ஆதாரில் பிறந்த தேதி சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்.

அம்மா