துரத்துவதும் ஒதுங்குவதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கணவன் மனைவி சண்டை என்றாலே "விட்டுக்கொடுத்துப் போங்கள்" என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்குக் கல்யாணமாகி 24 வருஷம். சண்டை வந்தால் எனக்கு அப்போதே பேசித் தீர்த்தாக வேண்டும், அவரோ சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார். அவர் கிளம்பினால் எனக்குப் பதற்றம் ஏறும், நான் வாசல் வரை போய்க் கேட்கக் கேட்க அவர் இன்னும் இறுகிப்போவார். இந்த மனுஷனுக்கு என்மேல் பாசமே இல்லை என்று எத்தனை ராத்திரி அழுதிருப்பேன்!

போன வருஷம் மகள்தான் அட்டாச்மென்ட் ஸ்டைல் பற்றிச் சொன்னாள், அதாவது சின்ன வயதில் பெற்றவர்களிடம் பழகியதை ஒட்டி, பின்னாளில் நெருக்கமானவர்களிடம் நாம் நடந்துகொள்ளும் விதம். ஜான் பௌல்பி என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் தொடங்கிவைத்த கருத்து. அப்புறம் மேரி ஐன்ஸ்வொர்த், ஒரு வயதுக் குழந்தைகளைத் தாய் சில நிமிடம் விட்டுவிட்டுத் திரும்பி வரும்போது என்ன செய்கிறார்கள் என்று கவனித்தார். பல குழந்தைகள் தாயைப் பார்த்ததும் சமாதானமாகிவிட்டன, சில தாயைப் பிடித்துக்கொண்டே கோபத்தில் உதைத்தன, சில திரும்பிக்கூடப் பார்க்காமல் பொம்மையோடு இருந்தன. அந்தக் கடைசி வகைக் குழந்தைகளின் இதயத் துடிப்பைப் பின்னால் சிலர் அளந்தபோது, வெளியே அமைதியாகத் தெரிந்தாலும் உள்ளே படபடப்பு இருந்தது தெரிந்தது. இதைப் படித்த அன்றுதான் என் கணவரிடம் முதல்முறையாகச் சண்டை போடாமல், ஏன் இப்படி ஒதுங்குகிறார் என்று கேட்டேன். எட்டு வயதில் விடுதியில் விட்டார்களாம், ராத்திரி அழுதால் யாரும் வர மாட்டார்கள் என்று ஒரு மாதத்திலேயே புரிந்துவிட்டதாம். 24 வருஷத்தில் இதை எனக்குச் சொன்னதே இல்லை.

இப்போது கிளம்பும்போது "அரை மணியில வந்துடறேன், வந்து பேசலாம்" என்று சொல்கிறார். வரவும் செய்கிறார். அந்த அரை மணியைப் பொறுத்துக்கொள்வது எனக்கு இன்றும் கஷ்டம்தான், ஆனால் பின்னாலேயே போவதில்லை.

ஒன்று சொல்ல வேண்டும், இளைஞர்கள் இதை ராசிபலன் மாதிரி ஆளுக்கொரு முத்திரை குத்தப் பயன்படுத்துகிறார்கள், அது தவறு, இந்தப் பழக்கங்கள் மாறக்கூடியவை. அடிக்கிறவருக்கு இது சாக்கும் ஆகாது.

1985-இல் அமெரிக்காவின் டென்வர் நகரத்து நாளிதழ் ஒன்றில் ஹஸான், ஷேவர் என்ற இரு ஆய்வாளர்கள் காதல் பற்றிய கேள்விகளை வெளியிட்டார்கள். வந்த பதில்களில் 620-ஐ ஆராய்ந்ததில், பாதிக்குச் சற்று அதிகமானோர் பயமில்லாமல் நெருங்குகிறவர்கள், ஏறக்குறைய நாலில் ஒருவர் என் கணவரைப் போல, ஐந்தில் ஒருவர் என்னைப் போல. வாரம் தவறாமல் திருமணப் பொருத்தம் போடுகிற நம் பத்திரிகையும் வாசகர்களிடம் இப்படிக் கேட்டு, ஒரு மனநல மருத்துவரை வைத்துத் தொடராக எழுதச் சொன்னால் என்ன?

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தஞ்சாவூர்.