இருபது வேண்டாம், எட்டு போதும்

அன்புத் தோழிக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் வீட்டிலும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறேன். மற்ற குசலமெல்லாம் போனில் வைத்துக்கொள்வோம். உன் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சொற்கள் கற்றுத்தர நீ அனுப்பிய திட்டத்துக்குப் பதில் போடாமல் இழுத்தடித்ததற்கு நீ எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். ஆனால் இதைப் படித்துவிட்டுத் திட்டு.

எங்கள் பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பெண், வரலாற்றுத் தாளில் பெரிய கேள்வி ஒன்றைத் தொடாமலே விட்டுவிட்டாள். கூப்பிட்டுக் கேட்டேன். கேள்வியில் ‘அக்கவுன்ட் ஃபார்’ என்று இருந்ததாம். ஏதோ கணக்கு போடச் சொல்கிறார்கள் என்று பயந்துவிட்டாளாம். “ஏன் அப்படி நடந்தது, காரணம் சொல் என்றுதான் கேட்டிருக்கிறார்கள்” என்றேன். நின்ற இடத்திலேயே வரிசையாகக் காரணங்களைச் சொன்னாள். எல்லாமே சரி! பாடம் தெரிந்த பிள்ளை, கேள்வியின் மொழி தெரியாமல் மதிப்பெண்ணை இழந்திருக்கிறாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை, தெரியுமா?

அவளுடைய வார்த்தை நோட்டையும் வாங்கிப் பார்த்தேன். அழகான கையெழுத்து, பக்கம் பக்கமாகச் சொற்கள். ஒரே பக்கத்தில் ஒப்டெய்ன், அட்டெய்ன், அக்வயர், கெய்ன். நான்குக்கும் எதிரே ‘பெறு’ என்று ஒரே பொருள். அதை நம்பித்தான் கட்டுரையில் ‘ஐ அட்டெய்ண்ட் எ ஃபீவர்’ என்று எழுதியிருக்கிறாள். பொருள் தெரிகிறது; அந்தச் சொல் எவற்றோடு சேரும் என்பதுதான் தெரியவில்லை.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன், பட்டியல் மகாராணியே. ஒரு நாளைக்கு இருபது வார்த்தை, எதிர்ச்சொல்லோடு, ஒருபொருள் சொற்களோடு என்று திட்டம் அனுப்பியிருக்கிறாய். கல்லூரி விடுதியில் சுவரெல்லாம் சீட்டு ஒட்டினாயே, அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை! வேண்டாம்டி. ஒரே மாதிரிப் பொருள் தரும் சொற்களைச் சேர்த்துக் கொடுத்தால் கற்பது சுலபமாகாது, குழப்பம்தான் கூடும். டிங்கம் என்ற ஆய்வாளர் 1993-லேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்: பொருளில் நெருங்கிய சொற்களை ஒன்றாகக் கற்றவர்களுக்கு, தொடர்பில்லாத சொற்களைக் கற்கும்போது ஆனதைவிட அதிக முயற்சிகள் தேவைப்பட்டன. அஃபெக்ட், எஃபெக்ட் இரண்டையும் ஒரே நாளில் நடத்தினால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றை நன்றாக ஊன்றவிட்டு, பல வாரம் கழித்து மற்றதைக் கொண்டு வா.

எந்தச் சொற்களை எடுப்பது என்று கேட்டிருந்தாய். அபூர்வமான சொற்கள் மேல் உனக்கு இருக்கும் ஆசையைக் கொஞ்சம் மூட்டை கட்டி வை. நியூசிலாந்தின் வெலிங்டனில் மொழி ஆய்வாளர் அவெரில் காக்ஸ்ஹெட் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட பட்டியலை எடு. சுமார் 35 லட்சம் சொற்கள் கொண்ட கல்விசார் எழுத்துகளை அலசி எடுத்த 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) அதில் இருக்கின்றன. அப்படிப்பட்ட எழுத்தில் பத்தில் ஒரு சொல் இவற்றிலிருந்துதான் வருகிறது. அஸ்யூம், இன்டிகேட், டிரைவ் (derive), எவிடென்ட், ஃபேக்டர் எல்லாம் அதன் முதல் வரிசையிலேயே இருக்கின்றன. எந்தப் பாடத்தைத் திறந்தாலும் இவைதான் எதிரே நிற்கும். கூடவே, ஜஸ்டிஃபை, கான்ட்ராஸ்ட், அக்கவுன்ட் ஃபார் போன்ற கேள்வித்தாள் சொற்கள். இவற்றை முதலில் முடித்துவிடு.

நான் வாரத்துக்கு எட்டு சொல்தான் எடுக்கிறேன். முதலில் பாடப் பகுதியில் சந்திப்பு. பொருளைப் பிள்ளைகளே ஊகிக்கட்டும். பிறகு அட்டை. ஒரு பக்கம் வாக்கியம்: சொல்லின் இடம் காலி, முதல் எழுத்து மட்டும் இருக்கும். மறுபக்கம் சொல்லும், அதோடு சேர்ந்து வரும் இரண்டு மூன்று சொற்களும். சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், தவறினால் முதல் பெட்டிக்கே திரும்பும். செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியர் 1970-களில் சொன்ன பழைய முறைதான். முதல் பெட்டியைத் தினமும், இரண்டாவதைச் சில நாளுக்கு ஒருமுறை, கடைசியை மாதத்துக்கு ஒருமுறை எடுக்கிறோம்.

நோட்டைத் திரும்பத் திரும்பப் படிப்பதால் ஏன் ஒட்டுவதில்லை என்று சண்டை போடுவாயே, அதற்கும் பதில் இருக்கிறது. ரோடிகர், கார்பிக்கே என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-ல் செய்த சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதியவர்கள் முந்திவிட்டார்கள். அவர்கள் கொடுத்தது உரைநடைப் பகுதி. ஆனால் என் வகுப்பில் சொற்களுக்கும் அதையேதான் பார்க்கிறேன்.

ஒன்று மட்டும் என்னை அரிக்கிறது. ஆங்கில நாவலையோ நாளிதழையோ தடங்கலில்லாமல் படிக்க எட்டு, ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் வேண்டும் என்று சொற்களஞ்சிய ஆய்வாளர் பால் நேஷன் கணக்கிட்டிருக்கிறார். வாரத்துக்கு எட்டு என்று போனாலும், நீ சொல்கிறபடி இருபது இருபதாகக் கொட்டினாலும், நம் வகுப்பில் ஓர் ஆண்டுக்குள் அது முடியாது. நிறைய வாசித்தால்தான் வரும். வீட்டில் புத்தகம் இருக்கிற பிள்ளை எப்படியும் தேறிவிடும். இல்லாத பிள்ளைக்கு இந்தச் சொற்கள் கிடைக்கிற ஒரே இடம் நம் வகுப்புதான். அதனால் வகுப்பு தொடங்கியதும் பத்து நிமிடம் மௌன வாசிப்பு வைத்திருக்கிறேன், அவரவருக்குப் பிடித்த எளிய புத்தகம். பாடம் முடியாது என்று மேலிடத்தில் முணுமுணுப்பு. முணுமுணுக்கட்டும், நான் விடுவதாக இல்லை.

உன்னிடம் ஒரு வேலை. நீ கட்டுக் கட்டாகச் சேர்த்து வைத்திருக்கிறாயே பழைய கேள்வித்தாள்கள், எல்லாப் பாடங்களிலிருந்தும் கேள்விச் சொற்களை மட்டும் பிரித்து எழுதி அனுப்பு. பட்டியல் போட உன்னை விட்டால் ஆள் கிடையாது. அட்டைகளை நான் தயார் செய்கிறேன். இரண்டு பள்ளியிலும் ஒரே நேரத்தில் தொடங்கிவிடலாம். மாதத் தேர்வுக்கு முன் கைக்கு வந்தால் நல்லது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி