ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்கு: கடுகும் மைதானமும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். சென்ற வாரம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் கடுகு கேட்டிருப்பார்கள். சில வீடுகளில் அளவு நாடா காணாமலும் போயிருக்கும். இரண்டும் அறிவியல் ஆசிரியையிடம் பத்திரமாக இருக்கின்றன. எதற்காக என்று சொல்லவும், ஒரு சனிக்கிழமை மாலைக்கு உங்கள் அனுமதி கேட்கவும் இதை எழுதுகிறேன்.

சூரியக் குடும்பத்தின் படம் பெரும்பாலான வகுப்பறைகளில் தொங்குகிறது. அதில் கோள்கள் எல்லாம் ரேஷன் கடை வரிசை மாதிரி ஒட்டி ஒட்டி நிற்கும். அளவும் சரியில்லை, தூரமும் சரியில்லை. ஒரு தாளுக்குள் வேறு எப்படியும் வரைய முடியாது என்பது உண்மைதான். ஆனால் பிள்ளைகள் மனத்தில் தங்கிவிடுவது அந்தப் படம். அதனால்தான் மைதானத்தில் இறங்கினோம். ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று கணக்கு வைத்துக்கொண்டோம்.

அப்படிப் பார்த்தால் சூரியன் 14 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள காகித உருண்டை. பூமி 1.3 மில்லிமீட்டர், ஒரு சின்னக் கடுகு. இரண்டுக்கும் நடுவே 15 மீட்டர் வெற்றிடம். நிலா கடுகிலிருந்து 3.8 சென்டிமீட்டர், இரண்டு விரற்கடை. மனிதர்கள் இதுவரை போய்வந்த தூரம் அவ்வளவுதான். வியாழன் 78 மீட்டரில். நெப்டியூனுக்கு 450 மீட்டர் வேண்டும் என்பதால், பள்ளி வாசலையும் தாண்டி ஆசிரியை துணையோடு இரண்டு பேரை அனுப்ப வேண்டியிருந்தது.

சூரியனுக்கு அடுத்து மிக அருகிலுள்ள நட்சத்திரமான பிராக்சிமா சென்டாரியை எங்கே வைப்பது? இதே கணக்கில் 4,000 கிலோமீட்டர். குமரியிலிருந்து காஷ்மீர் வரை இந்தியாவின் நீளமே சுமார் 3,200 கிலோமீட்டர்தான். நம் சூரியனும் இருக்கும் விண்மீன் மண்டலமான பால்வீதி முழுவதையும் வைக்கலாம் என்றால், சூரியனைக் காகித உருண்டையாகச் சுருக்கிய பிறகும் அது 9 கோடி கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. நிஜச் சூரியன் வரையுள்ள தூரத்தில் பாதிக்கும் அதிகம்! அந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்ட பையன், சுழியத்தைத் தப்பாகப் போட்டுவிட்டோம் என்று நினைத்து இரண்டு முறை அழித்து எழுதினான்.

மறுநாள் ஒரு தாயார் வந்து என்னைப் பார்த்தார். மகள் இரவு வெகுநேரம் தூங்காமல், “அப்படின்னா நாம ஒண்ணுமே இல்லையாம்மா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். பிள்ளைகளைப் பயமுறுத்துவதா பாடம் என்று கேட்டார். நியாயமான கேள்வி. மைதானப் பாடம் ஒரே திசையில், பெரியதை நோக்கி மட்டும் போயிருந்தது. இந்த வாரம் அதே கடுகை வைத்து எதிர்த்திசையில் போகிறோம்.

கடுகை இப்போது ஹைட்ரஜன் அணுவின் கரு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அணுவின் குறுக்களவு 80 மீட்டர் வரும், கிட்டத்தட்ட நம் மைதானம். கடுகு நடுவில் கிடக்க, மீதி இடம் முழுவதும் ஒற்றை எலக்ட்ரானுக்கு. (புத்தகப் படங்களில் எலக்ட்ரான் கோள் போல வட்டமடிக்கும். அதுவும் ஓர் வசதிக்கான படம்தான்.) எல்லா வகையும் சேர்த்து அணுக்கள் 35 கிலோ எடையுள்ள ஒரு பிள்ளையின் உடலில் எத்தனை? 3 போட்டு அதன்பின் 27 சுழியம் போடும் அளவுக்கு. நம்மால் காணக்கூடிய பிரபஞ்சம் முழுவதிலும் உள்ள நட்சத்திரங்களுக்கான கணிப்புகள் 1-க்குப் பின் 22 முதல் 24 சுழியம் வரை போகின்றன. அதிகபட்சக் கணிப்பை எடுத்தாலும், உங்கள் மகளின் உடலிலுள்ள அணுக்கள் அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம். அவற்றில் பத்துக்கு ஆறு ஹைட்ரஜன். அந்த ஹைட்ரஜனின் கருக்கள் 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன், பிரபஞ்சத்தின் தொடக்கத்தில் உருவானவை. எலும்பிலுள்ள கால்சியமும் ரத்தத்திலுள்ள இரும்பும் நட்சத்திரங்கள் தந்தவை.

மனிதன் பிரபஞ்ச அளவுகோலின் சரியான நடுவில் இருக்கிறான் என்று யாராவது சொன்னால் மட்டும் கொஞ்சம் நிதானியுங்கள். எந்த முனையிலிருந்து அளந்தார்கள் என்று கேட்க வேண்டும். இயற்பியல் பேசும் ஆகச் சிறிய நீளத்திலிருந்து காணக்கூடிய பிரபஞ்சத்தின் அகலம் வரை பத்துப் பத்து மடங்காக எண்ணினால், நடுவில் வருவது தலைமுடியின் பருமன். புரோட்டானிலிருந்து, அதாவது ஹைட்ரஜன் கருவிலிருந்து எண்ணினால் நடு ஆயிரம் கிலோமீட்டர் பக்கம் போய்விடும். நமக்கு நடு இருக்கை யாரும் போட்டுவைக்கவில்லை.

அந்த மாணவிக்கு நான் சொன்னது வேறு. நூறு வருடத்துக்கு முன்புவரை, பால்வீதிக்கு வெளியே வேறு விண்மீன் மண்டலங்கள் உண்டா இல்லையா என்பதே விவாதமாக இருந்தது. அமெரிக்காவின் ஹார்வர்டு வானியல் நிலையத்தில் ஹென்ரியேட்டா லெவிட் என்ற பெண்மணி, வானத்தைப் படமெடுத்த கண்ணாடித் தகடுகளில் பதிந்த நட்சத்திரப் புள்ளிகளின் ஒளியை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். சில நட்சத்திரங்களின் ஒளி கூடிக் குறையும். எவ்வளவு மெதுவாகக் கூடிக் குறைகிறதோ, அவ்வளவு பிரகாசமான நட்சத்திரம் அது என்று கண்டு 1912-இல் வெளியிட்டார். உண்மைப் பிரகாசம் தெரிந்தால், நமக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதை வைத்துத் தூரத்தைச் சொல்லிவிடலாம். 1923-இல் எட்வின் ஹபிள் என்ற வானியலாளர், ஆண்ட்ரோமெடா என்ற மங்கலான ஒளித்திட்டில் அப்படி ஒரு நட்சத்திரத்தைப் பிடித்தார். அது பால்வீதிக்கு வெளியே உள்ள இன்னொரு விண்மீன் மண்டலம் என்று தெரிந்தது. விவாதம் முடிவுக்கு வந்தது. அவர் போட்ட தூரம் பிறகு திருத்தப்பட்டு இன்று 25 லட்சம் ஒளியாண்டு (ஒளியாண்டு என்பது ஒளி ஓர் ஆண்டில் போகும் தூரம்) என்று நிற்கிறது. கடுகைவிட்டு நகராமலே எடுத்த அளவு அது. பிறர் சொல்லிக் கேட்டால் இந்த எண்கள் மிரட்டுகின்றன. நாமே பெருக்கி வகுத்துப் பார்த்தால் அவ்வளவாக மிரட்டுவதில்லை. என் அனுபவம் இது.

சரி, சனிக்கிழமை விஷயம். தை அமாவாசையை ஒட்டி வரும் சனிக்கிழமை மாலை 6.30 முதல் 8.30 வரை மைதானத்தில் வானம் பார்க்கிறோம். வடமேற்கில் ஆண்ட்ரோமெடா மங்கலான ஒரு திட்டாகத் தெரியும். தெருவிளக்கு அதிகமிருந்தால் இருநோக்கி (பைனாகுலர்) தேவைப்படும், பள்ளியில் இருக்கிறது. கிழக்குப் பக்கம் செந்நிறமாகத் தெரிவது திருவாதிரை. குறைந்த கணிப்பின்படியே அது சூரியனைப்போல் 600 மடங்கு அகலம். நம் காகித உருண்டைக் கணக்கில் 80 மீட்டருக்கு மேல். சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால், பூமிக் கடுகு அதற்குள்ளேயே போய்விடும். மேகமிருந்தால் அடுத்த சனிக்கிழமை.

தேர்வுக்கு இது வருமா என்று கேட்பவர்களுக்கு: அடுக்குக்குறி (பெரிய எண்களைப் பத்தின் அடுக்காகச் சுருக்கி எழுதுவது) வரும், அலகு மாற்றம் வரும். வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பத்து லட்சம் ஒரு மில்லியன், நூறு கோடி ஒரு பில்லியன் என்பதைப் பேச்சுவாக்கில் பழக்கிவிடுங்கள். பாதி மதிப்பெண் அங்கேதான் போகிறது.

தொலைநோக்கி எதுவும் வாங்க வேண்டாம். டார்ச் கொடுத்தனுப்பினால் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டி அனுப்புங்கள். வெள்ளை வெளிச்சம் பட்டால் கண் இருட்டுக்குப் பழக மறுபடி அரைமணி நேரம் ஆகும். பனிக்கு ஒரு குல்லாய் இருக்கட்டும். பெண் பிள்ளைகளை 8.30-க்குப் பெற்றோரோ வீட்டுப் பெரியவரோ வந்து அழைத்துச் செல்ல வேண்டும். நீங்களும் முன்னாடியே வந்து பார்க்கலாம், நாற்காலி போட்டிருப்போம். கீழே உள்ள அனுமதிச் சீட்டைக் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்