மினிட்ஸ் எழுதியவரின் பெயர்

தொழில்நுட்ப ஆலோசனை நிறுவனங்களில், யாரை மேலே ஏற்றுவது என்று முடிவு செய்யும் குழுக்களில் அமர்ந்திருக்கும் பார்ட்னர்களுக்கு,

வணக்கம். உங்களில் சிலரோடு ஒரே அறையிலும், பலரோடு இரவு 11 மணி அழைப்புகளிலும் வேலை பார்த்தவள் நான். இந்தத் தொழிலுக்கு வந்து 19 வருடம் ஆகிறது.

சென்ற முறை உங்களைப் போன்ற ஒரு குழுவின் முன் ஒரு பெண்ணை முன்மொழியும் பொறுப்பு என்னிடம் வந்தது. அவரைப் பற்றிப் பேச 10 நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். ஆறே நிமிடத்தில் முடிந்துவிட்டது. “நல்ல கை, கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். ஆனால் சேல்ஸ் நம்பர் இல்லையே” என்றார் ஒருவர். “கிளையன்ட் கண்ணில் இன்னும் கொஞ்சம் பட வேண்டும்” என்றார் இன்னொருவர். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நம்பர், அதாவது அவர் பிடித்துத் தந்த வேலையின் தொகை, இல்லை என்பதும் உண்மைதான். அது எப்படி இல்லாமல் போனது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

நான் போய்ப் பார்த்தேன். ஐந்து வருடத்தில் அவர் எந்தெந்த ப்ராஜெக்ட்டில் என்ன வேலையில் இருந்தார் என்ற பட்டியலை எடுத்தேன். பிஎம்ஓ, அதாவது ப்ராஜெக்ட்டின் தேதிகளையும் அறிக்கைகளையும் கவனிக்கும் அலுவலகம். டெஸ்டிங் ஒருங்கிணைப்பு. பயனாளர் பயிற்சி. மறுபடியும் பிஎம்ஓ. நடுவில், தள்ளாடிக்கொண்டிருந்த ஒரு ப்ராஜெக்ட்டைத் தூக்கி நிறுத்த எட்டு மாதம். அதே வருடம் சேர்ந்து, அதே கூட்டத்தில் ஏற்றப்பட்டவரின் பட்டியலையும் பக்கத்தில் வைத்தேன். ப்ரீசேல்ஸ் (விற்பனைக்கு முந்தைய வேலை), சொல்யூஷன் ஆர்க்கிடெக்ட் (கிளையன்ட்டுக்கான தீர்வை வடிவமைப்பவர்), ப்ரொபோசல் (புது வேலை கேட்டுக் கிளையன்ட்டுக்குக் கொடுக்கும் முன்மொழிவு), மறுபடி ஆர்க்கிடெக்ட். இருவரும் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் ஒருவர் நின்ற இடத்தில் நம்பர் விளையும், மற்றவர் நின்ற இடத்தில் விளையாது.

உங்களுக்குத் தெரியாததைச் சொல்லவில்லை. நம் தொழிலில் விற்பது நேரத்தை. மேனேஜர் வரைக்கும் ஒருவரின் மதிப்பு யூட்டிலைசேஷன் சதவீதம், அதாவது அவர் நேரத்தில் கிளையன்ட்டிடம் காசாகும் பங்கு. அதற்கு மேல், கொண்டுவந்த வேலை. கிளையன்ட் தன் தலைவலியை முதன்முதலாகச் சொல்லும் அறையில் இருந்தவரிடம்தான் அடுத்த வேலையும் வரும். அந்த அறையில் ஆர்க்கிடெக்ட் இருப்பார். பிஎம்ஓவில் இருப்பவரைக் கிளையன்ட் நிமிர்ந்து பார்ப்பது, பெரும்பாலும் தேதி தள்ளிப்போகும்போதுதான்.

இந்த இடங்கள் முடிவாவது உங்கள் குழுவிலும் இல்லை. யாரை எந்த ப்ராஜெக்ட்டில் போடுவது என்று பேசும் வியாழக்கிழமை ஸ்டாஃபிங் அழைப்பில், அரை நிமிடத்தில், ஒரு எக்ஸெல் கட்டத்தில் ஒரு பெயர் விழும். “பிஎம்ஓவுக்கு அவரைப் போடுங்க, நல்லாக் கட்டி மேய்ப்பாங்க.” அவ்வளவுதான். மூன்று வருடம் கழித்து நீங்கள் வாக்களிப்பது அந்த அரை நிமிடத்துக்கு.

என் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கட்ஓவர் வார இறுதி. பழைய சிஸ்டத்திலிருந்து வென்டர் (சப்ளையர்) டேட்டாவைப் புதியதில் ஏற்றிவிட்டோம். ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு எண்ணிப் பார்த்தால் 412 பதிவுகள் குறைகின்றன. எல்லோரும் லோட் ஸ்கிரிப்டைக் குடைந்துகொண்டிருந்தார்கள். நான் காணாமல் போன வென்டர் குறியீடுகளை மட்டும் வரிசையாக எழுதிப் பார்த்தேன். எல்லாமே பூஜ்யத்தில் தொடங்கின. இடையில் யாரோ கோப்பை எக்ஸெலில் திறந்து சேமித்திருக்கிறார்கள். முன்னால் இருந்த பூஜ்யங்கள் உதிர்ந்து, 00417ம் 417ம் ஒரே ஆளாகிவிட்டன. மூலக் கோப்பை எடுத்து மறுபடி ஏற்றி முடிக்கும்போது விடிந்துவிட்டது.

திங்கட்கிழமை, ப்ராஜெக்ட்டை மேற்பார்க்கும் ஸ்டீயரிங் கமிட்டி. ஸ்லைடைக் காட்டியவர் அந்த இரவு தூங்கி எழுந்து வந்தவர். “யார் கண்டுபிடித்தது?” என்று கிளையன்ட்டின் சிஐஓ (தகவல் தொழில்நுட்பத் தலைவர்) கேட்டார். “டீம்தான்” என்றார் நம்மவர். நான் மேஜையின் கடைசியில் மினிட்ஸ், அதாவது கூட்டக் குறிப்பு, எழுதிக்கொண்டிருந்தேன். “டேட்டா ஏற்றத்தில் வந்த சிக்கல் குழுவால் தீர்க்கப்பட்டது.” என் கையால்தான் எழுதினேன். அந்த வரிக்கான பழியை இன்றுவரை என்னால் அவர்மேல் முழுதாகப் போட முடியவில்லை.

ஏன் எழுத ஒப்புக்கொண்டாய் என்று கேட்பீர்கள். லிண்டா பேப்காக், லிஸே வெஸ்டர்லண்ட் முதலிய நான்கு ஆய்வாளர்கள் 2017ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. மூன்று பேர் கொண்ட குழு, இரண்டு நிமிடம். யாராவது ஒருவர் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்துபவருக்கு மற்ற இருவரைவிடக் குறைவான பணம். யாருமே அழுத்தாவிட்டால் எல்லோருக்கும் அதைவிடக் குறைவு. ஆணும் பெண்ணும் கலந்த குழுக்களில் பெண்கள் 48 சதவீதம் அதிகமாக முன்வந்தார்கள். ஆண்கள் மட்டும் இருந்த குழுக்களிலோ, பொத்தானை அழுத்த ஆண்களே தயாராக இருந்தார்கள்! இன்னொரு சுற்றில், யாரைச் செய்யச் சொல்வது என்று ஒரு மேலாளரிடம் விட்டபோது, பெண்களிடம் 44 சதவீதம் அதிகமாகக் கேட்டார்கள். பெண் மேலாளர்களும் அப்படித்தான் செய்தார்கள்.

நானும் செய்திருக்கிறேன். “அவங்கன்னா தொந்தரவு இல்லாம முடிச்சிடுவாங்க” என்று பெண்களின் பெயர்களை அந்தக் கட்டத்தில் போட்டவள்தான் நான்.

சரி, நம்பர் இருந்தால் கதவு திறந்துவிடுமா? ஆன் ஹாப்கின்ஸிடம் நம்பர் இருந்தது. ப்ரைஸ் வாட்டர்ஹவுஸ் என்ற கணக்கு, ஆலோசனை நிறுவனத்தில் அமெரிக்க அரசுத் துறைகளுக்கான ஆலோசனைப் பணியில் இருந்தவர், சுமார் 2.5 கோடி டாலர் மதிப்புள்ள வெளியுறவுத் துறை ஒப்பந்தத்தைப் பெற்றுத் தந்ததில் முக்கியப் பங்கு அவருடையது. 1982ல் பார்ட்னர் பதவிக்கு முன்மொழியப்பட்ட 88 பேரில் அவர் ஒருவர்தான் பெண். அப்போதிருந்த 662 பார்ட்னர்களில் பெண்கள் 7 பேர். அவர் பெயரை நிறுத்தி வைத்தார்கள். அடுத்த முறைக்கு என்ன செய்யலாம் என்று, அவரை ஆதரித்த பார்ட்னரே சொன்ன யோசனை: இன்னும் பெண்மையாக நட, பேசு, உடுத்து, மேக்கப் போடு, முடியைச் சீராக்கு, நகை அணி. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பெண் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை வைத்து முடிவெடுப்பதும் பாகுபாடுதான் என்று 1989ல் நீதிபதிகள் ஏற்றார்கள். அவர் பார்ட்னராகத் திரும்பி வந்தது 1991ல்.

இப்போது யாரும் நகையைப் பற்றிப் பேசுவதில்லை. “எக்சிக்யூட்டிவ் பிரசென்ஸ்”, அதாவது தலைவருக்குரிய தோரணை, என்கிறோம். அது எப்படி இருக்கும் என்று நான் கேட்டபோதெல்லாம் ஏதாவது ஒரு ஆணைத்தான் உதாரணம் காட்டினார்கள்.

பெண்களுக்கான தலைமைப் பயிற்சி மூன்று முடித்திருக்கிறேன். மூன்றிலும் தன்னம்பிக்கையோடு பேசுவது எப்படி என்று கற்றுக்கொடுத்தார்கள். வாய் இல்லாதவள் 19 வருடம் இந்தத் தொழிலில் தாக்குப்பிடித்திருப்பாளா? அந்தப் பணத்தில் நான்கு பெண்களை நான்கு ப்ரொபோசல்களில் உட்கார வைத்திருக்கலாம். ப்ரொபோசலில் செலவாகும் நேரத்தைக் கிளையன்ட்டிடம் பில் செய்ய முடியாது என்பதுதானே தயக்கம்?

குழந்தை பிறந்து, பாதி நேரத்துக்குத் திரும்புகிறவர்கள் விஷயமும் இதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாரம் மூன்று நாளுக்குச் சம்பளம், ஐந்து நாளுக்கான டார்கெட். வீட்டிலிருந்து செய்தால் தரம் போய்விடும் என்று இன்னும் சொல்பவர்கள், ஸ்டெஃபனி ஷெர்லி பிரிட்டனில் 1962ல் தொடங்கிய நிறுவனத்தைப் பார்க்கலாம். வீட்டிலிருந்தபடியே நிரல் எழுதிய பெண்களை வைத்துத்தான் அதை நடத்தினார். கான்கார்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரல் வேலையையும் அவர்கள் செய்தார்கள். தன் பெயரில் அனுப்பிய கடிதங்களுக்குப் பதில் வராததால் “ஸ்டீவ்” என்று கையெழுத்திட ஆரம்பித்தார் என்பது தனிக் கதை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த முறை ஒரு பெயர் உங்கள் முன் வரும்போது, சேல்ஸ் நம்பரோடு கடைசி மூன்று வருட ஸ்டாஃபிங் பட்டியலையும் கேளுங்கள். எந்த இடத்தில் உட்கார வைத்தோம், அவர் கேட்ட எந்த இடத்தை நாம் மறுத்தோம் என்று அதில் இருக்கட்டும். பிஎம்ஓவில் ஒரு முறை இருந்தவரை உடனே அடுத்த பிஎம்ஓவில் போடுவதானால் யாராவது ஒரு பார்ட்னர் கையெழுத்திடட்டும். மினிட்ஸ் எழுதுவதைச் சுழற்சியில் விடுங்கள். சிரிக்காதீர்கள், நீங்களும் அந்தச் சுழற்சியில் உண்டு.

நான் முன்மொழிந்த பெண், முடிவு தெரிந்த அன்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “அடுத்த தடவை நம்பர் காட்டணும்னா, இப்ப நான் எங்க இருக்கணும்?” அடுத்த காலாண்டுப் பட்டியலைத் திறந்தேன். அவர் பெயர் மறுபடியும் பிஎம்ஓ கட்டத்தில் இருந்தது. எடுத்துவிட்டு ஒரு ப்ரொபோசலில் போட்டிருக்கிறேன். ப்ராஜெக்ட்டின் பொறுப்பாளர் கோபத்தில் இருக்கிறார், நியாயம்தான்.

அந்த பிஎம்ஓவுக்கு இப்போது ஆள் வேண்டும். உங்களில் யாருடைய குழுவிலாவது நன்றாகக் கட்டி மேய்க்கத் தெரிந்த ஆண் ஒருவர் இருந்தால், வியாழக்கிழமைக்குள் பெயரைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சீனியர் மேனேஜர்